தெளிந்த தண்ணீரும் ஏமாற்றும்

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் வாக்கர்டன் என்றொரு சிற்றூர். மக்கள் தொகை ஏறக்குறைய 4,800. சுற்றிலும் பண்ணைகள், மாட்டுத் தொழுவங்கள். ஊருக்குக் குடிநீர் தருவது ஆறும் இல்லை, அணைக்கட்டும் இல்லை. பூமிக்குள் துளையிட்டு எடுக்கும் கிணற்று நீர்தான் ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் வந்துகொண்டிருந்தது.

2000-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி. அந்த ஊரைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் ஓவன் சவுண்ட் நகர மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வயிற்றுப்போக்கு, அதில் இரத்தம். மறுநாளே குழந்தை மருத்துவர் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் பள்ளியில் பல நாற்காலிகள் காலியாகிவிட்டன. முதியோர் இல்லத்திலும் நோய் பரவியிருந்தது. மே 22-ஆம் தேதி முதல் மரணம் நிகழ்ந்தது. எல்லாம் அடங்கியபோது 7 பேர் இறந்திருந்தனர். நோயுற்றவர்கள் சுமார் 2,300 பேர், அதாவது ஏறக்குறைய ஊரில் பாதி.

காரணம் ஊரார் தினமும் குடித்த தண்ணீர். அது கலங்கவில்லை, நாறவில்லை, நிறம் மாறவில்லை. கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் பளிங்குபோல் இருந்தது.

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. "மண்ணுக்கு அடியில் இருந்து வருகிற தண்ணீர், அதில் என்ன கெடுதல் வந்துவிடும்?" என்ற நம்பிக்கை நம்மிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்குக் கிணற்று நீரின் குளிர்ச்சியும் ருசியும் இன்றும் நாவில் நிற்கும். குழாய் நீரில் குளோரின் வாடை அடிக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் கிணற்று நீரை விரும்பிக் குடிப்பார்கள். தண்ணீர்த் தடைக்குப் பயந்து வீட்டு வளாகத்தில் குழாய்க் கிணறு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடுமுறைக்குப் போகும் டுரியான் தோட்டத்து வீடுகளிலும் பண்ணைத் தங்குமிடங்களிலும் எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நிலத்தடி நீர் பெரும்பாலும் நல்ல நீர்தான். ஆனால் அது எதனால் நல்ல நீராக இருக்கிறது, எப்போது அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்புவது ஆபத்து.

மண் என்னும் வடிகட்டி

மழை நீர் தரையில் விழுந்து கீழே இறங்கும்போது, மாட்டுச் சாணத்திலும் மனிதக் கழிவிலும் உள்ள கிருமிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. வழியில் மண் தன் வேலையைச் செய்கிறது. பெரிய கிருமிகள் மண் துகள்களுக்கு இடையே சிக்கிக்கொள்கின்றன. சிறியவை களிமண்ணின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணிலேயே குடியிருக்கும் நுண்ணுயிரிகள் வந்தவற்றைத் தின்றுவிடுகின்றன. தப்பித்தவையும் அதிக நாள் வாழ்வதில்லை. நம் குடலின் சூடும் உணவும் இல்லாத இடத்தில் அவை மெல்ல மெல்ல மடிகின்றன.

ஆக, மண் வடிகட்டுவதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும். போதிய தடிமன், சரியான மண் வகை, போதிய நேரம். அடர்த்தியான களிமண் அடுக்கைக் கடக்கத் தண்ணீருக்கு மாதங்களோ ஆண்டுகளோ பிடிக்கும். அப்படி வந்து சேர்கிற நீரில் கிருமி இருப்பது அபூர்வம்.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். மண் மெல்லிய அடுக்காக இருந்து, அதற்குக் கீழே வெடிப்பு விழுந்த பாறை இருந்தால் வடிகட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. தண்ணீர் விரிசல் வழியாக வாய்க்காலில் ஓடுவதுபோல் ஓடிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள நாம் பத்துமலைக்குப் போனாலே போதும். 272 படிகள் ஏறிக் குகைக்குள் நிற்கும்போது மேலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்போம். அது மலை உச்சியில் பெய்த மழை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் துளைகளிலும் புகுந்து நம் தலைமேல் விழுகிறது. பாறை கெட்டியாகத்தான் தெரிகிறது. ஆனால் தண்ணீருக்கு அதற்குள் வழி தெரியும். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் அடியிலும் இப்படிப்பட்ட சுண்ணாம்புப் பாறைதான் இருக்கிறது. இத்தகைய நிலத்தில் ஓரிடத்தில் கொட்டும் கழிவு, சற்றும் எதிர்பாராத இன்னோர் இடத்தில் நீராக வெளிவரக்கூடும்.

கிருமியின் அளவும் முக்கியம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரோன் அளவுடையது. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஈ.கோலை பாக்டீரியா சுமார் 2 மைக்ரோன் நீளம். வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோ வைரஸ் அதைவிட ஏறக்குறைய 50 மடங்கு சிறியது. பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் மணல், வைரஸை விட்டுவிடலாம். குளிர்ந்த, வெளிச்சமில்லாத நிலத்தடி நீரில் சில வைரஸ்கள் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

கிருமி எந்த வழியாக நுழைகிறது?

ஒரு கிணற்றுக்குள் கிருமி வந்து சேரும் வழிகள் நான்கைந்துதான்.

முதலாவது, 'செப்டிக் டேங்க்' என்று நாம் சொல்லும் கழிவுத்தொட்டி. கீறல் விழுந்த தொட்டியிலிருந்தும், நிரம்பி வழியும் தொட்டியிலிருந்தும் கழிவுநீர் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. நல்ல நிலையில் இருக்கும் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரிலும் கிருமிகள் இருக்கும். மிச்ச வேலையை மண்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கால்நடைக் கழிவும் எருவும். மூன்றாவது, உடைந்த சாக்கடைக் குழாய்கள். நான்காவது, வெள்ளம். கிணற்றின் வாய் மூழ்கிவிட்டால் மண்ணின் வடிகட்டலுக்கே இடமில்லை. தெருவில் ஓடிய நீர் அப்படியே உள்ளே போய்விடுகிறது.

ஐந்தாவது, கிணறே வழிவிடுவது. குழாய்க் கிணற்றின் மேற்பகுதியில் ஓர் உறைக் குழாய் இறக்குவார்கள். அந்தக் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே உள்ள சந்தைச் சிமெண்டு கலவையால் அடைக்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த அதைச் செய்யாமல் விட்டால், மழை நீர் குழாயின் வெளிப்பக்கமாக வழிந்து நேரே நீரூற்றைத் தொட்டுவிடும். அப்புறம் கிணறு 60 மீட்டர் ஆழம் என்று பெருமைப்பட்டுப் பயனில்லை.

மனிதக் கழிவு கிணற்றில் கலந்ததற்கு உலகமே அறிந்த உதாரணம் 1854-ஆம் ஆண்டு இலண்டன். பிராட் ஸ்திரீட் என்ற தெருவில் இருந்த கைப்பம்பு நீரைக் குடித்தவர்கள் காலராவில் விழுந்தார்கள். 616 பேர் இறந்தனர். டாக்டர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து அந்தப் பம்பை அடையாளம் காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து மூன்றடி தூரம்கூட இல்லாத இடத்தில் ஒரு வீட்டின் கழிவுக்குழி இருந்தது தெரியவந்தது. நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டிருந்தது. இடையே இருந்த செங்கல் சுவர் அரித்துப்போயிருந்தது. இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பம்பு நீர் நல்ல ருசி என்று பெயர் பெற்றது. வேறு வட்டாரத்தில் குடியேறிய ஒரு மூதாட்டி, அந்த ருசிக்காகவே அதை வரவழைத்துக் குடித்து உயிரிழந்தார்.

அதற்கு 150 ஆண்டுகள் கழித்து, 2004-இல், அமெரிக்காவின் ஈரி ஏரியில் உள்ள சவுத் பாஸ் என்ற சுற்றுலாத் தீவில் சுமார் 1,450 பேர் நோயுற்றார்கள். அங்கும் அடியில் வெடிப்புகள் நிறைந்த பாறை, மேலே கழிவுத்தொட்டிகள், இடையே கிணறுகள்.

ஐந்தாம் எண் கிணறு

இப்போது வாக்கர்டனுக்குத் திரும்புவோம். அங்கே நடந்ததை நீதிபதி டெனிஸ் ஒகானர் தலைமையிலான விசாரணை ஆணையம் நுணுக்கமாக ஆராய்ந்து 2002-இல் அறிக்கை வெளியிட்டது.

ஊரின் ஐந்தாம் எண் கிணறு 1978-இல் தோண்டப்பட்டது. அதன் உறைக் குழாய் வெறும் 5 மீட்டர்தான் கீழே இறங்கியது. தண்ணீர் கிடைத்தது 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில். மேலே மெல்லிய மண், கீழே வெடித்த பாறை. பக்கத்திலேயே கால்நடைப் பண்ணை. இந்தக் கிணறு எளிதில் மாசுபடக்கூடியது என்று தோண்டிய காலத்திலேயே ஒரு நிபுணர் அறிக்கை எச்சரித்தது. சுற்றியுள்ள நிலத்தை ஊரே வாங்கிப் பாதுகாக்கலாம் என்றும் யோசனை சொன்னது. யாரும் செய்யவில்லை.

2000 ஏப்ரல் கடைசியில் அந்தப் பண்ணையில் வழக்கம்போல் எரு இடப்பட்டது. மே 8 முதல் 12 வரை ஐந்தே நாளில் 134 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எருவில் இருந்த ஈ.கோலை ஓ157 என்ற கிருமியும் கேம்பிலோபாக்டர் என்ற கிருமியும் மழையோடு கிணற்றுக்குள் இறங்கின. பண்ணைக்காரர் முறைப்படிதான் நடந்துகொண்டார், அவர்மீது தவறில்லை என்று ஆணையம் தெளிவாகச் சொன்னது.

ஈ.கோலை என்றாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். நம் குடலில் அது கோடிக்கணக்கில் வாழ்கிறது, பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் ஓ157 வகை வேறு. மாட்டின் வயிற்றில் மாட்டுக்கு எந்தத் தொல்லையும் தராமல் இருக்கும். மனிதருக்குள் வந்தால் ஒரு நச்சை வெளியிடுகிறது. அது குடலைப் புண்ணாக்கும். சிலருக்கு, குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்கு, இரத்த அணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகத்தை முடக்கிவிடும். வாக்கர்டனில் 27 பேருக்கு இந்தச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது.

மண் கைவிட்டது. அதற்கென்றுதான் இரண்டாவது வேலி இருக்கிறது: குளோரின். போதிய அளவு குளோரின் கலந்து, கலந்தபின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தினமும் அளந்து பார்த்தால் இந்தக் கிருமிகள் இரண்டும் செத்துவிடும். வாக்கர்டனில் அந்த வேலியும் வெறும் காகிதத்தில்தான் இருந்தது.

தண்ணீர் வாரியத்தின் மேலாளர் ஸ்டான் கோபெல், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த தம்பி ஃபிராங்க் கோபெல். இருவரும் முறையான பயிற்சி பெறாமல், அனுபவத்தின் பேரில் உரிமம் பெற்றவர்கள். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று ஊர் மக்கள் குறைசொல்வதுண்டு. அதனால் குறைவாகக் கலப்பது வழக்கமாகிப் போனது. தினமும் அளக்க வேண்டியதை அளக்காமலே, 0.5, 0.75 என்று ஏடுகளில் எண்களை எழுதி வைத்தார்கள். பரிசோதனைக்கு அனுப்பும் நீரை எங்கே எடுத்தோம் என்பதையும் தவறாகக் குறித்தார்கள்.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. கிணற்றடியில் நின்று அதே நீரைக் குளோரின் கலக்காமலே அவர்களும் குடித்தார்கள். பூமியிலிருந்து வரும் நீர் சுத்தமானது என்று உண்மையாகவே நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் ஊரை வீழ்த்தியது.

மறைத்த நான்கு நாள்

மே 15-ஆம் தேதி எடுத்த நீர் மாதிரியில் ஈ.கோலை இருப்பதை 17-ஆம் தேதியே ஆய்வுக்கூடம் தண்ணீர் வாரியத்துக்குத் தெரிவித்தது. சுகாதாரத் துறைக்குச் சொல்லவில்லை. 1996-இல் மாநில அரசு நகராட்சிகளுக்கான நீர்ப் பரிசோதனையைத் தனியாரிடம் விட்டபோது, கெட்ட முடிவு வந்தால் சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும் என்று சட்டம் எதுவும் போடவில்லை. கட்டணம் கட்டியவரிடம் முடிவைச் சொல்வதோடு ஆய்வுக்கூடத்தின் கடமை முடிந்துவிட்டது.

19-ஆம் தேதி சுகாதாரத் துறை அழைத்து, தண்ணீரில் ஏதாவது கோளாறா என்று கேட்டது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பதில் சொன்னார் மேலாளர். மீண்டும் கேட்டபோதும் அதே பதில். இதற்கிடையே அவசர அவசரமாகக் குழாய்களில் குளோரினை ஏற்றிக் கழுவத் தொடங்கியிருந்தார். தப்பு தெரிவதற்குள் சரிசெய்துவிடலாம் என்ற கணக்கு.

21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1.30. நீர்ப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமலே, நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து, "தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று சுகாதாரத் துறை அறிவித்தது. முதல் முடிவை மறைக்காமல் சொல்லியிருந்தால் 19-ஆம் தேதியே இந்த அறிவிப்பு வந்திருக்கும், 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று ஆணையம் கணக்கிட்டது.

வானொலியில் பேசுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்த அறிக்கையில் ஒரு தகவல் முள்ளாகக் குத்துகிறது. அறிவிப்பு உள்ளூர் வானொலிகளில் ஒலிபரப்பானது. ஆனாலும் அன்று அந்தச் செய்தி ஊரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் எட்டியது. நீண்ட வார விடுமுறை. எத்தனையோ வீடுகளில் வானொலி அணைந்திருந்தது. மீதிப் பாதி அன்று மாலையும் குழாயைத் திறந்து குடித்தது. ஒரு முறை ஒலிபரப்பிவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு!

2004-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்டான் கோபெலுக்கு ஓராண்டுச் சிறையும், தம்பிக்கு ஒன்பது மாத வீட்டுக் காவலும் விதிக்கப்பட்டன. ஆனால் ஒகானர் அந்த இரண்டு பேரோடு கதையை முடிக்கவில்லை. நீரில் குளோரின் மிச்சத்தையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி ஒன்று ஐந்தாம் எண் கிணற்றில் இருந்திருந்தால் இந்தத் துயரமே நடந்திருக்காது என்றார். கிருமி நிறைந்த நீர் வந்து குளோரினைத் தின்று தீர்த்த அந்த நிமிடமே கருவி எச்சரித்துப் பம்பை நிறுத்தியிருக்கும். மேற்பரப்பு நீர் எளிதில் புகும் கிணறுகளுக்கு இப்படிப்பட்ட கண்காணிப்பு வேண்டும் என்று 1994-இலேயே விதி வந்துவிட்டது. பழைய கிணறுகளைத் திரும்பிப் பார்க்கத்தான் யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

அந்த வாக்கர்டன் பேரிடரால் ஏற்பட்ட செலவு குறைந்தது 64.5 மில்லியன் கனடிய டாலர். அதன்பின் ஒண்டாரியோவில் 2002-இல் பாதுகாப்பான குடிநீருக்குச் சட்டம் வந்தது. 2006-இல் நீர் ஆதாரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. தண்ணீர்த் துறை ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்று அதே வாக்கர்டனில் இன்று இயங்குகிறது.

மறுபடியும் அதே மழை

பாடம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது என்று நினைப்போம். 2016 ஆகஸ்டில் நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த் நகரில் அதே கதை திரும்ப நடந்தது. மக்கள் தொகை சுமார் 14,000. பாதுகாப்பான ஆழ்நிலை நீர் என்று நம்பியதால் அங்கே குளோரின் கலப்பதே இல்லை. கன மழையில் ஆட்டுப் புழுக்கை கலந்த நீர் பக்கத்துக் குட்டையில் தேங்கி, அங்கிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்கியது. கேம்பிலோபாக்டர் கிருமியால் 5,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். சிலர் உயிரிழந்தார்கள். குளோரின் இல்லாத தண்ணீர்தான் இயற்கையானது என்ற பெருமையோடு அங்கே பலர் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

இலண்டனில் ருசி. வாக்கர்டனில் வாடை பிடிக்காத மக்கள். ஹேவ்லாக் நார்த்தில் இயற்கை என்ற பெருமை. மூன்று இடத்திலும் நாக்கும் கண்ணும் சொன்னதை நம்பினார்கள். கிருமிக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை.

நம் வீட்டுப் பக்கம்

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் குழாய் நீரில் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. கிளந்தான் மட்டும் விதிவிலக்கு; பொது விநியோகத்திற்கு நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியிருக்கும் மாநிலம் அது. பொது விநியோக நீரைக் கண்காணிக்க ஆள் உண்டு. சொந்தக் கிணற்று நீரை யார் பரிசோதிப்பது? சொந்தக்காரர்தான்.

நம் சூழலில் மூன்று விஷயங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது, நம் மழை. வாக்கர்டனில் ஐந்து நாளில் பெய்த 134 மில்லிமீட்டர் அவர்களுக்குப் பெரிய மழை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையில் அதை ஒரே நாளில் பார்க்கலாம். இரண்டாவது, கரையோரச் சமவெளிகளில் நிலத்தடி நீர் மிக மேலேயே இருக்கிறது. கழிவுக்குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மீட்டராவது மண் இருக்க வேண்டும், கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 30 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது அவசர கால முகாம்களுக்கே உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. தாமானில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் 30 மீட்டருக்கு எங்கே போவது? மூன்றாவது, வெள்ளம். 2014 டிசம்பரில் கிளந்தானைப் புரட்டிப்போட்டது போன்ற வெள்ளத்தில் கழிவுத்தொட்டியும் கிணறும் ஒரே நீருக்கு அடியில் கிடக்கும்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டிலோ, ஊரில் உள்ள பெற்றோர் வீட்டிலோ கிணறு இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது நீரைப் பரிசோதியுங்கள். வெள்ளம் வந்து வடிந்த பின் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எங்கே பரிசோதிப்பது, கிணற்றைக் குளோரின் போட்டு எப்படிச் சுத்தம் செய்வது என்று மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கேட்கலாம். ஒரு முறை நல்ல முடிவு வந்தால் அது அன்றைய நீருக்கான முடிவு மட்டும்தான். அடுத்த கன மழைக்கு அது உத்தரவாதம் இல்லை.

கிணற்றின் வாயைப் பாருங்கள். உறைக் குழாய் தரைக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கிறதா? மூடி இறுக்கமாக இருக்கிறதா? சுற்றிலும் சிமெண்டுத் தளம் வெடிப்பில்லாமல், நீர் வெளிப்பக்கமாக வழியும்படி இருக்கிறதா? கோழிக்கூண்டும் மாட்டுக் கொட்டகையும் உரக்குவியலும் கிணற்றுக்கு மேட்டுப் பக்கத்தில் இருக்கின்றனவா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும்.

கழிவுத்தொட்டியை அடைத்துக்கொண்ட பிறகு கவனிக்காமல், குறித்த காலத்துக்கு ஒரு முறை கசடை அகற்றச் சொல்லுங்கள். அது உங்கள் கிணற்றை மட்டுமின்றிப் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் காக்கும்.

வீட்டு வடிகட்டியை நம்பி ஏமாறாதீர்கள். வாசலில் பொருத்தும் மணல் வடிகட்டி சேற்றையும் துருவையும் நீக்கும். கரி வடிகட்டி வாடையை நீக்கும். இரண்டும் கிருமியைக் கொல்வதில்லை. மாற்றாமல் விட்ட வடிகட்டிக்குள் கிருமிகள் பெருகவும் செய்யும். சந்தேகம் வந்தால் நம் பாட்டிகள் செய்த வேலையே சிறந்தது: குமிழிகள் பொங்கிக் கொதித்தபின் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு, மூடிவைத்து ஆறவிடுங்கள். பாக்டீரியா, வைரஸ், குளோரினுக்கு அடங்காத கிரிப்டோஸ்போரிடியம் எல்லாமே அதில் அழிந்துவிடும். ஐஸ் கட்டி, பல் துலக்கும் நீர், குழந்தையின் பால் மாவு கரைக்கும் நீர், பச்சையாக உண்ணும் காய்களைக் கழுவும் நீர் ஆகியவற்றையும் மறக்காதீர்கள்.

குழந்தைக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என்றால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையோ மீந்துபோன ஆன்டிபயோடிக் மருந்தையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஓ157 கிருமியாக இருந்தால் அவை சிறுநீரகப் பாதிப்புக்கான அபாயத்தைக் கூட்டக்கூடும். எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், எங்கே போயிருந்தார்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இன்னும் பல வீடுகளைக் காப்பாற்றலாம்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் பற்றிய எச்சரிக்கை அதிகாரபூர்வமாக வந்தால், அதை வாட்ஸ்ஆப்பில் தட்டிவிட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியின் கைத்தொலைபேசியில் வாட்ஸ்ஆப் இல்லாமல் இருக்கலாம். ஒரு நிமிடம் நடந்துபோய்க் கதவைத் தட்டுங்கள்.